அழாத பிள்ளைக்கு முதலிடம்

என் கோபக்காரருக்கு,

அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்பது உங்கள் அம்மாவின் சட்டம். எங்கள் குழந்தைகள் அவசரப் பிரிவில் அது செல்லாது.

நேற்று ஒருவர், மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்ட மகனைத் தூக்கி வந்தார். பையன் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினான். நானோ, தன் அம்மாவின் தோளில் துவண்டு கிடந்த இன்னொரு குழந்தையிடம் ஓடினேன்.

"என் புள்ள கத்துறது காதுல விழலையா?" என்றார்.

"விழுது சார். கத்துறான்னா மூச்சு நல்லாப் போகுதுன்னு அர்த்தம். இது ஊசி குத்தியும் அழல. அதான் பயமா இருக்கு."

ஆக்ஸிஜன் வைத்து, மருந்தும் குளுக்கோஸும் ஏற்றினோம். வெகுநேரம் கழித்து அந்தக் குழந்தை வீறிட்டு அழுது, என் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. "அப்பாடா, கத்திடுச்சு" என்று முதலில் கைகூப்பியவர் பட்டாணிக்காரர்தான். கண்ணாடி உடைந்ததால்தான் இந்தக் கோணல் எழுத்து.

முதல் தடவை என் லீவு ரத்தானபோது போன் சூடாகும்வரை கத்தினீர்கள். இரண்டாம் தடவை பாத்திரம் உருண்ட சத்தமும் கேட்டது. போன வாரம் "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்கள். மனுஷன் திருந்திவிட்டார் என்று நிம்மதியாகத் தூங்கினேன். இத்தனை வருஷம் படித்தும் புத்தி நேற்றுதான் வந்தது.

இந்தத் தடவை லீவு கேட்கவில்லை, போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை வருவேன். கதவைத் திறந்ததும், தயவுசெய்து, நன்றாகக் கத்துங்கள்.

உங்கள்
டாக்டரம்மா