விசாலாட்சிக்கு அளந்த சட்டம்

28.8.71, சனி இரவு

நாளை என் மனைவி விசாலாட்சிக்கு முதல் வருடத் திவசம். அவள் படத்துக்கென்று நானே அளவெடுத்துக் கொடுத்த தேக்குச் சட்டத்தில், கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரின் படத்தைப் போட்டு என் கண்ணெதிரே விற்கிறார் கடைக்காரர். படம் அளவுக்குள் அடங்கவில்லையென்று ஆட்டக்காரர் கையிலிருந்த மட்டையைப் பாதியாக வெட்டியிருக்கிறார்!

“லண்டன்ல நம்மாளுக ஜெயிச்சதுலருந்து ஒரு சட்டமும் கடையில நிக்க மாட்டேங்குதுங்கய்யா. திங்கக்கிழமை வாரீகளா? ஆச்சி எங்குட்டு ஓடிப் போறாக?” என்று சிரிப்பு வேறு.

என்ன துணிச்சல்! ஜெயித்தவருக்கு அப்படி என்ன அவசரம்? அடுத்த ஆட்டத்தில் தோற்றால் அந்தப் படத்தை யார் துடைத்து வைக்கப் போகிறார்கள்?

இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அங்கே நான் சொன்னது, “பரவாயில்லை.”

நாளை அவளை வெறும் அட்டையாகச் சுவரில் சாய்த்துத்தான் மாலை போட வேண்டும். அவளுக்காகப் பரவாயில்லை என்று சொல்ல நான் யார்?