இரண்டு பாட்டிலும் என்னிடம்

மகராசிக்கு,

அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சாவி கதவிலேயே இருக்கிறது.

"ஊரே புதுசு, இதுல குறுக்கு வழி வேறயா?" என்று போன ஞாயிறு சைக்கிளில் கிளம்பும்போதே கேட்டாய். நான் வரைபடத்தில் தூரத்தைப் பார்த்தேன், ஏற்றத்தைப் பார்க்கவில்லை. உன் சைக்கிளுக்குப் பாரம் வேண்டாமென்று இரண்டு தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உச்சிக்குப் போய்விட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த உனக்குத் தண்ணீர் கொடுத்தது, வழியில் தன் வீட்டு வாசலில் நின்ற, முன்பின் தெரியாத ஓர் அக்கா. கடவுள் அவரை நன்றாக வைக்கட்டும். நீ என்னோடு பேசாதது நியாயம்தான்.

இன்று சுற்றுவழியைத் தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்த அக்காவுக்கு நன்றி சொல்லி வருகிறேன்.

பி.கு.: உன் சைக்கிளிலும் பாட்டில் தாங்கி மாட்டிவிட்டேன். வருவதானால், இனி நீ முன்னால் போ.