வலைக்குள் வாடிய கத்தரி

இன்னும் கோபம் ஆறாத அன்போடு, என் மாப்ளே,

அசோக் நகர் மொட்டை மாடியில் உன் கத்தரிச் செடியைக் கொல்லப் பார்த்தேன். அதுவும் பாசத்தால்.

வருஷா வருஷம் ஒரு காயை மஞ்சளாகும்வரை செடியிலேயே விட்டு நீதான் விதை எடுப்பாய். இந்த முறை அதற்குள் கண்ணை மூடிவிட்டாய். மிஞ்சியது பெயின்ட் வாளியில் இரண்டு செடி. ஒன்றுக்கு வலை கட்டினேன். மற்றதற்கு வலை போதவில்லை; அதில் பிஞ்சு வரவர அணில் தின்றது. விதை வேண்டுமென்றால் வலைக்குள் இருப்பதுதான் கதி.

கோடை. லாரித் தண்ணீர் வருவதே பெரும்பாடு. செடிக்கு ஒரு சொம்புதான். ஒருநாள் காலை மாடிக்குப் போனால் திக்கென்றது. அணில் மேய்ந்த செடி போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நிற்கிறது. நான் காத்த செடி, கிளை கொள்ளாத காயோடு, இலை தொங்கிக் கிடக்கிறது. அதே மண், அதே சொம்பு. எப்படி மாப்ளே?

பத்தாவதை இரண்டு முறை படித்தவன் நான்; எனக்கு என்ன தெரியும்? என் பொண்ணு சொன்னாள். காய்களுக்கு ஊட்ட இலை ஓயாமல் உழைக்குமாம். அதற்காகத் தன் நுண்துளைகளைத் திறந்தே வைக்குமாம். அந்த வழியாகத் தண்ணீரும் ஆவியாய்ப் போய்விடுமாம். அப்படியானால் அணில் வைத்தியம் பார்த்தது, நான் பாரம் ஏற்றினேனா?

செய்தி கேட்டு உன் வீட்டுக்காரி செல்வி வந்தாள்.

"இன்னாண்ணா இது, செடியா, மார்க்கெட்டா? இத்தினியும் சுமந்துகினு அது எப்படி நிக்கும்? பறிச்சுடு."

"மாப்ள வச்ச காயி. தொட வுட மாட்டேன்."

"அவரு வச்சது செடிண்ணா. காய் அதுவா வச்சுது."

அவளே வலையைப் பிரித்தாள். முற்றிய ஒரு காயை விட்டுவிட்டு மற்றதையெல்லாம், பிஞ்சென்றுகூடப் பார்க்காமல், நான் பிடித்த கூடையில் பறித்துப் போட்டாள். ஒவ்வொரு காம்பு முறியும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

இரண்டு மூன்று நாளில் இலைகள் நிமிர்ந்துவிட்டன. நம்பவே முடியவில்லை, தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஒற்றைக் காய் மெல்ல மஞ்சளாகிறது.

அதன் விதை மழைக்கு முன்னால் செல்வி கையில் இருக்கும், இது சத்தியம். நிறையக் காய்க்க வைப்பேன் என்று மட்டும் இனி யாருக்கும் சத்தியம் செய்ய மாட்டேன்.

கூடையைப் பிடித்தபடி அழுத,
உன் மச்சான்