அம்மாவுக்கு நான் துருத்தி அடித்த ஞாயிறு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் கடவுள் கிருபையால் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். அம்மாவின் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, கை மட்டும் பழைய கதைதான், பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகியும் இடக்கையில் கடைசி இரண்டு விரல்களும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. இனி எங்களோடு வந்து இருக்க அம்மாவுக்குச் சம்மதமா, டிக்கெட் போடட்டுமா என்று நீ கேட்டபோது சம்மதம் என்று சொன்னேனே, அது என் சம்மதம்தான், அவளிடம் நான் கேட்கவே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மேற்கொண்டு எழுத முடியும்.

கை இப்படி ஆகிவிட்டதால் போன ஞாயிறு ஆலயத்தில் அம்மாவுக்குக் கடைசி வாசிப்பு என்று சபைக் குழு முடிவு செய்திருந்தது. முப்பத்தொரு வருஷம் ஆர்கன் வாசித்தவளுக்குக் கொடுக்கச் செயலாளர் ஒரு சுவர்க்கடிகாரத்தை வண்ணத்தாளில் சுற்றி வைத்திருந்தார். அன்றைக்கென்று பார்த்து ஆர்கனுக்குக் காற்றுக் கொடுக்கும் மோட்டார் புகைந்து படுத்துவிட்டது. பின்பக்கம் துருத்தியை ஏற்றி இறக்க ஒரு பழைய மரக் கைப்பிடி உண்டு, லேத் பட்டறையில் உழைத்த கை என்று என்னைப் பிடித்து அதில் நிறுத்திவிட்டார்கள். அவள் எடுத்தது நம் லுத்தரன் பாட்டுப்புத்தகத்தில் எல்லாருக்கும் மனப்பாடமான அந்த நாலு வரி ஞானப்பாட்டு, முந்நூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒருவர் அதை ஆர்கனுக்கென்று விரித்து எழுதியிருக்கிறாராம். எனக்குப் பாட்டு தெரியும், அது இப்படி விரியும் என்று தெரியாது. இரண்டு கையும் ஓயாமல் சின்னச் சின்னச் சுரங்களைப் பின்னிக்கொண்டிருக்க, பாட்டு எங்கே என்று தேடினால், அம்மாடி, அது அவள் காலில் இருக்கிறது. ஆர்கனின் அடியில் இருக்கும் கட்டைகளைக் காலால் மிதிக்க மிதிக்க ஒவ்வொரு வரியும் நீள நீளமாக அடியிலிருந்து எழுந்து வருகிறது, என் பாதத்தின் கீழ் பலகை அதிர்கிறது. வரி முடிந்தால் கால் நிற்கும், கை போய்க்கொண்டே இருக்கும், அடுத்த வரி வருமா வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டே அடிப்பேன். மூன்றே விரலை வைத்துக்கொண்டு அந்த இடக்கை ஒரு சுரத்தையும் விடவில்லை. தினமும் மத்தியானம் நான் கண்ணயரப் படுத்ததும் சாப்பாட்டு மேசையில் அவள் விரல் தட்டிக்கொண்டிருந்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் புரிந்தது, நான் அதை நடுக்கம் என்று நினைத்து டாக்டரிடம் வேறு சொல்லி வைத்திருந்தேன்.

நாலாவது வரியின் கடைசிச் சுரம் வந்ததும், புத்தகத்தில் அவ்வளவுதானே, முடிந்தது என்று கைப்பிடியை விட்டுவிட்டேன். ஆனால் காலில் அந்தச் சுரம் அப்படியே நிற்க, கைகள் இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தன. காற்று தீர்ந்து ஆர்கன் சுருதி இறங்கி முனகி நின்றது, ஆலயமே திரும்பிப் பார்த்தது. செயலாளர் கடிகாரத்தோடு எழுந்தே விட்டார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், நான் இன்னும் முடிக்கலைங்க, அடிங்க என்றாள். அடித்தேன். நாலாவது வரியை முதலிலிருந்து எடுத்து, அந்தக் கடைசிச் சுரத்தைக் காலில் பிடித்துக்கொண்டு கைகளை ஏற்றினாள், ஏற்றிக்கொண்டே போனாள், எனக்கு மூச்சு வாங்கியது, ஆனால் அப்போது யார் நிறுத்தச் சொல்லியிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். முடிந்ததும் போதகர் வந்து, அடுத்த ஞாயிறு என்ன வாசிக்கப் போறீங்கம்மா என்று கேட்டார், செயலாளர் கடிகாரத்தை மெல்ல நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டார். முப்பத்தாறு வருஷமாக இவளோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறேன், அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாகவே இருந்தது, அவ்வளவு பெரியவளாகத் தெரிந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டிக்கெட் விஷயத்தைச் சொன்னேன். சண்டை போடுவாள் என்றுதான் நினைத்தேன். கை போனா வாயும் போயிடுச்சுன்னு நெனச்சிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள். அங்கே வந்து இருக்க விருப்பமா என்று அப்போதுதான் அவளிடம் கேட்டேன், இல்லை என்றாள்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு கண்ணு, வருத்தப்படாதே, தப்பு என்னுடையது. பேத்திக்கு எங்கள் முத்தம், மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல், கடவுள் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே, அம்மாவைப் பற்றி எது கேட்பதானாலும் இனி அவளிடமே கேள்.

என்றும் உன் அன்புள்ள,
அப்பா