நாலாவது ஆள்

கிள்ளை,
12.1.2025

மச்சான் பழனிவேலுக்கு, உன் மாமா காத்தவராயன் சொல்லச் சொல்ல எதிர்வீட்டு பிரிசில்லா எழுதுவது.

என் காதைத் தவிர இங்கே எல்லாம் நலம். போனில் வெறும் இரைச்சல்தான். அதனால் திட்டுவதையும் தபாலிலேயே திட்டுகிறேன்.

படிக்கத் தெரியாதவனுக்கு எவனாவது புத்தகம் அனுப்புவானா? அதுவும் வாழ்க்கையில் முன்னேற வழி சொல்லும் புத்தகம்! எழுபத்து நாலு வயசுல எங்கேடா முன்னேறுவது, சுடுகாட்டுக்கா? ‘அதிகாலையில் எழு’ என்கிறான். கோழி கூவும் முன்னே கடலுக்குப் போனவன் நான். இனி எந்தப் புத்தகம் வந்தாலும் காயும் வலைமேல் கல்லாக வைத்துவிடுவேன்.

(அப்படியே எழுதச் சொல்கிறார். – பிரிசில்லா)

காத்தவராயன்


செம்மண்டலம், கடலூர்,
20.1.2025

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

அந்தப் புத்தகம் என் தப்புதான். காது போனதிலிருந்து நீங்கள் எல்லோர்மேலும் எரிந்து விழுவதாக அக்கா அழுகிறாள். இத்துடன் அனுப்பும் புத்தகம் வேறு. நிஜமாக நடந்தது. இன்ஜின் நின்று, நடுக்கடலில் திசைமாறிப் போன நாலு மீனவர்களைப் பற்றியது. பிடிக்காவிட்டால் கல்லாகவே வையுங்கள்.

பழனிவேல்


கிள்ளை,
9.2.2025

மச்சான்,

நல்ல வம்பில் மாட்டிவிட்டாய். எனக்குக் கேட்க வேண்டுமென்று பிரிசில்லா கத்திப் படிக்க, தெருவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. “அந்த நாலு பேருக்கும் குடிக்க ஐஸ்பெட்டித் தண்ணியாச்சும் மிச்சம் இருக்கா இல்லையா, அத சொல்லிட்டு எழுந்திரு புள்ள” என்று நேற்று பக்கத்து வீட்டு ராமாமிர்தம் அவளோடு சண்டை.

நாளைக்கு அவள் சிதம்பரத்திலேயே தங்கி ஜவுளிக்கடை வேலை பார்க்கப் போகிறாள். புத்தகம் பாதியில் நிற்கிறது. என் தம்பி கதிர்வேல் கடலோடு போனதிலிருந்து, திரும்பாத படகு என்றாலே எனக்குத் தூக்கம் கிடையாது. இருபது வருஷமாகத் தெருவே சொல்லியும் அவனுக்கு நான் திதி கொடுக்கவில்லை. உடம்பு கிடைக்கவில்லையே, வருவான் என்றுதான்.

அந்த நாலு பேரும் கரை சேர்ந்தார்களா? சட்டென்று எழுது.

காத்தவராயன்


செம்மண்டலம், கடலூர்,
16.2.2025

மாமா,

நாலு பேரும் பிழைத்துவிட்டார்கள். ஒரு கப்பல் பார்த்துத் தூக்கிக்கொண்டது. நிம்மதியாகத் தூங்குங்கள். புத்தகத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

பழனிவேல்


கிள்ளை,
6.7.2025

மச்சான்,

இது என் கை. கோணலாக இருந்தால் கண்ணாடி போட்டுப் படி.

உன் கடிதத்தைத் தபால்காரர் சார்லஸ் கத்திப் படித்ததும் தெருவே கைதட்டியது. எனக்குத்தான் ஒப்பவில்லை. எந்தத் திசைக் கப்பல், யார் முதலில் பார்த்தது, ஒன்றும் காணோம். கடல் விஷயத்தை யாராவது அப்படிச் சொல்வார்களா?

பிரிசில்லா படித்த பாதி எனக்கு மனப்பாடம். அதைச் சொல்லிக்கொண்டே எழுத்தின்மேல் விரலை ஓட்டினேன். அந்தக் காலத்து அறிவொளி வகுப்பில் பாதியில் விட்ட எழுத்துகள்தான், ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. அவள் நிறுத்திய இடத்தில் மனப்பாடம் தீர்ந்தது. அப்புறம் நாளுக்கு நாலு வரி ஏறினால் பெரிது. “கலெக்டர் பரீட்சையா எழுதப் போற?” என்கிறாள் உன் அக்கா.

நாலாவது ஆள் செத்துப்போனான், மச்சான். மற்றவர்கள் அவனை அவன் லுங்கியிலேயே சுற்றி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கடலில் இறக்கினார்கள். தப்பாகப் படித்துவிட்டேனோ என்று திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டினேன். அதேதான் இருந்தது.

நீ ஏன் மறைத்தாய் என்று தெரியும். இருந்தாலும் கோபம் இருக்கிறது. நேரில் வா, திட்டுகிறேன்.

ஆடி அமாவாசைக்கு வந்துவிடு. கதிர்வேலுக்கு எள்ளும் தண்ணியும் விட வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிடும்போது என் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

வரும்போது இன்னொரு நிஜப் புத்தகம் கொண்டு வா. முடிவை மட்டும் நீ வாயைத் திறந்து சொல்லாதே.

காத்தவராயன்