சோளக்காட்டுக் கம்பி

ஐப்பசி 13, வெள்ளி

காலையில் தூறல். மலை தெரியவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் சரக்கு குறைவு. பொறுக்கி முடித்து ஒரு மணிக்கே கிளம்பிவிட்டேன்.

நாளை திருப்பூரிலிருந்து கொழுந்தன் செல்வம் வருகிறான். கூட அவன் வீட்டுக்காரி ரேவதி, பிள்ளை மித்ரா. இரண்டு நாள் இருப்பார்கள். செய்ய வேண்டியவை:

– முன்ரூம் பெயிண்ட் (இவர் அடிப்பதாகச் சொல்லி ஒரு மாதம்)
– பாத்ரூம் தாழ்ப்பாள்
– இட்லிக்கு ஊறப்போட
– ஆட்டுக்கறிக்குச் சொல்லிவைக்க. ஞாயிறு தோட்டத்தில் சமையல்

பெயிண்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் பெரிய சுருளாகக் கம்பி. "இது எதுக்குங்க?" என்றேன். "பன்னிக்கு" என்றார்.

சோளக்காட்டைச் சுற்றி முழங்கால் உயரத்தில் கம்பி இழுத்து, மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் கொடுக்கப் போகிறாராம். சாயங்காலம் போட்டு, விடிந்ததும் அணைப்பாராம்.

"தப்புங்க இது. ஆளு செத்தா ஜெயிலு."

"நம்ம காட்டுக்குள்ள எவன் வாரான்? போன தடவ பன்னி பாதிச் சோளத்த உழப்பிட்டுப் போச்சே, அப்ப நீதான உக்காந்து அழுத?"

அழுதேன், பொய் இல்லை. ஆனால் போன வருடம் அடிவாரத்தில் வேறொரு ஊரில் இதே மாதிரிக் கம்பியில் செத்தது பன்றி இல்லை, கம்பி கட்டியவரின் சொந்தத் தம்பி. இவரும்தான் துட்டிக்குப் போய் மாலை போட்டுவிட்டு வந்தார்.

இவருடைய ஞாபகம் எனக்குத் தெரியாதா? அடுப்பில் பாலை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போன மனிதர். வண்டியில் சந்தைக்குப் போய் பஸ்சில் திரும்பி வந்தவர். இவர் அணைப்பாராம்.

ஐப்பசி 14, சனி

மழை இல்லை. ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். மித்ராவுக்கு முன்பல் இரண்டைக் காணோம். ஏழு வயது. என்ன வாய்!

செல்வத்தின் காரில் போடிமெட்டு. இவர் வரவில்லை, பெயிண்ட் அடிக்க வேண்டுமாம். வளைவுக்கு வளைவு கண்ணை மூடிக்கொண்டேன்.

"மதினி, காரு ஓட்டுறது நானு. நீங்க எதுக்குப் பிரேக்கு போடுறீங்க?" என்றான் செல்வம். என் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்ததாம்.

மித்ரா பாதி வழியில் வாந்தி. மேலே போனால் ஒரே பனி, பள்ளத்தாக்கையே காணோம். டீ, போண்டா. ரேவதி கால் கிலோ ஏலக்காய் வாங்கினாள். நான் வேலை பார்ப்பதே ஏலக்காயில், சொன்னால் கேட்டால்தானே.

"பெரியம்மா, நீங்க எல்லாத்துக்கும் பயப்படுவீங்களா?" – மித்ரா.

"ஆமா ஆத்தா, எல்லாத்துக்கும்."

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரே ஒரு சுவர் மட்டும் நீலம். இவர் முழங்கால்வரை சேறு. "சோலி முடிஞ்சது" என்றார், பரீட்சை பாஸான முகத்தோடு. ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தார்.

கம்பியைப் பற்றிச் செல்வத்திடம் தனியாகச் சொன்னேன். நாளைக்குப் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம், வீட்டிலேயே சமைப்போம் என்றேன். "அண்ணே பாத்துக்கிரும் மதினி. நீங்க சரியான பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தான். விளக்குப் போடும்போது, சாமி, நாளைக்கு ஒருநாள் மட்டும் இந்த மனிதருக்கு ஞாபகத்தைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

ஐப்பசி 15, ஞாயிறு

எழுத்து கோணல். பரவாயில்லை.

விடியும்போது மழை. ஆறரைக்குப் போன கரண்ட் வரவே இல்லை, மசாலா அம்மியில். இவர் தோட்டத்துக்குப் போய்வந்தார். "அணைச்சாச்சா?" "அணைச்சாச்சு." கிளம்பும்போது மறுபடி கேட்டேன். "எத்தன தடவடி கேப்ப?" காரில் மூன்றாவது தடவை. பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

தென்னை நிழலில் அடுப்புக் கூட்டினோம். நான் வெங்காயம், ரேவதி அரிசி. அண்ணனும் தம்பியும் கட்டிலில் உட்கார்ந்து சோளவிலை பேசிக்கொண்டிருந்தார்கள். கறி கொதித்தது. திடீரென்று பிள்ளை சத்தமே இல்லை. "மித்ரா எங்க?" என்றேன்.

"இங்க இருக்கேன் பெரியம்மா!"

சோளக்காட்டு ஓரம். வெறுங்கால், ஈர மண். குத்தவைத்து உட்கார்ந்து இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

ஓடினேன். கத்தினேனாம், எனக்குக் கேட்கவில்லை. தொடக்கூடாது, கட்டையால்தான் தட்டிவிட வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் பிள்ளையை வாரித் தூக்கிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மித்ரா சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். "அதான் அணைச்சாச்சுன்னு சொல்றேன்ல" என்றார் இவர்.

மோட்டார் ரூமுக்குப் போனேன். கம்பிக்குப் போகிற சுவிட்ச் போட்டபடியே இருந்தது.

அணைக்கவே இல்லை. ஊரில் கரண்ட் இல்லாததால் மட்டும்தான் பிள்ளை உயிரோடு இருக்கிறது.

காய்ந்த விறகால் தள்ளி அணைத்தேன். கம்பிக்குக் கரண்ட் போகிற பீஸ் கட்டையை மட்டும் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். வெளியே வந்து இலை போட்டேன். முதல் கை சோறு எடுக்கும்போது மோட்டார் ரூம் வாசலில் பல்பு எரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. மித்ரா எலும்பு கடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்துபோய்க் கிணற்றுக்குப் பின்னால் வாந்தி எடுத்தேன்.

நான்கு மணிக்குத் திருப்பூர் கிளம்பினார்கள். கார் திரும்பியதும் இவரிடம் சொன்னேன். உட்கார்ந்துவிட்டார். பன்றித் தடம் ஒன்றுகூட இல்லையே என்ற சந்தோசத்தில் மறந்துவிட்டாராம். "கரண்டுதான் இல்லைல்ல. ஒண்ணும் ஆகலைல்ல" என்றார். அப்புறம், "செல்வத்துக்கிட்டச் சொல்லிராத."

ஐப்பசி 16, திங்கள்

நல்ல வெயில். பாத்ரூம் தாழ்ப்பாள் இன்னும் மாட்டவில்லை.

எழுந்ததும் பீஸைத் தேடினார். தரமாட்டேன் என்றேன். கெஞ்சினார். "இனிமே மறக்க மாட்டேன், இந்தா பாரு" என்று உள்ளங்கையில் பேனாவால் 'கம்பி' என்று எழுதிக் காட்டினார். குளித்துவிட்டு வந்தபோது கையில் எழுத்து இல்லை.

"கம்பியச் சுருட்டிருங்க. இல்லாட்டி நானே போயி கரண்ட் ஆபீஸ்ல சொல்லிருவேன்."

"நீயா?" என்று சிரித்தார்.

நல்ல மனிதர். இருபது வருடத்தில் ஒருநாள் கை ஓங்கியதில்லை. போலீஸ், கேஸ், ஊர்ப்பேச்சு, செல்வம் முகம், எல்லாவற்றையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. ஈர மண்ணில் அந்தப் பிள்ளையின் கால் அதைவிட.

எட்டரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போடிக்குப் போய்விட்டார், புதுப் பீஸ் வாங்க.

ஸ்டோருக்கு லீவு சொல்லியாச்சு. கரண்ட் ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும். ஒன்பதே காலுக்கு பஸ்சு.