இருபத்தெட்டு நாள் மாத்திரை

அக்கா,

இன்று காலை கோழிக் கொட்டகையில் புதிதாக வந்த பெண்ணுக்குக் கையில் ஊசி ஏறிவிட்டது. கோழியைத் திமிறவிடாமல் பிடிக்க இன்னும் பழகவில்லை, பாவம். எல்லோரும் வழக்கம்போலச் சிரித்தார்கள். "உடு புள்ள, இனிமே உனக்கு வெள்ளைக்கழிச்சல் வராது" என்றார் மேஸ்திரி. கோழிக்கு வருகிற சீக்கை வைத்து அதே பழைய கேலி. அந்தத் தடுப்பூசி எண்ணெய் மருந்தின் வாசத்தோடு அது காதில் விழுந்ததும் நீங்கள் வந்து முன்னால் நின்றுவிட்டீர்கள். அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஊசியை மாற்றச் சொன்னேன். "பெரிய டாக்டரம்மா வந்துட்டாங்க" என்றார்கள். சொல்லட்டும்.

அப்போது நீங்களும் நானும் ஜோடி. நான் கூண்டிலிருந்து கோழியை உருவி நெஞ்சைக் காட்டிப் பிடிப்பேன், நீங்கள் தடுப்பூசி குத்துவீர்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி, ஊசியை மாற்ற நின்றால் எண்ணிக்கை குறையும். அதனால் முனை மழுங்கும்வரை ஒரே ஊசி. கையில் குத்திக்கொண்டால் கொஞ்சம் சுண்ணாம்பைத் தடவிவிட்டு அடுத்த கோழி. கோழியிடமிருந்து மனுசருக்கு என்ன ஒட்டும் என்று மட்டும்தான் பயந்தோம். ஒருத்தி ரத்தம் இன்னொருத்திக்குப் போகும் என்று எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஊசி உங்கள் இடது உள்ளங்கையில் ஆழமாக இறங்கியது. சேலையில் துடைத்துக்கொண்டு, கை பழக்கத்தில் அடுத்த கோழிக்கு நீட்டினீர்கள். கோழி உதறியது. அதே ஊசி என் கட்டைவிரலில். நான் சிரித்தேன். "எனக்கும் கழிச்சல் வராதுங்க்கா." நீங்கள் சிரிக்கவில்லை. ஊசியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனீர்கள்.

"ஒண்ணு சொல்றேன், கத்தாத சாமி. எனக்கு எச்.ஐ.வி. இருக்குது. என்ற ஊட்டுக்காரரு குடுத்துட்டுப் போனது. எட்டு வருசமா மாத்தர சாப்புடறேன். உனக்கு வராம இருக்கறதுக்கும் மாத்தர இருக்குது. மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கோணும். இப்பவே போலாம், வா."

நான் ஓரடி பின்னால் போனேன். வேண்டுமென்று இல்லை, கால் தானாகப் போனது. நீங்கள் அதைப் பார்த்தீர்கள். "பரவால்ல, மொதல்ல கையக் கழுவு" என்றீர்கள்.

அன்றைய பொழுதை வீணாக்கியது நான்தான். நாமக்கல் அரசு ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரின் சித்தி மகள் வேலை செய்கிறாள், அங்கே வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். தனியார் டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கினோம். மருந்துக்கடைக்காரர் சொன்ன விலை என் ஒரு மாதக் கூலி. "பாதி குடுங்க, மீதிய அடுத்த வாரம் வாங்கிக்கறேனுங்க" என்று காய்கறிக் கடையில் கேட்பதுபோலக் கேட்டேன். "டப்பாவப் பிரிக்க முடியாதும்மா. இருபத்தெட்டு நாளும் விடாமச் சாப்பிடணும், நடுவுல நின்னா பிரயோசனமில்ல." உங்கள் பர்ஸையும் கவிழ்த்துக் கொட்டினீர்கள், பாதிகூட வரவில்லை. காசிருந்தால் மருந்தோடு மானத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தக் கடை வாசலில்தான் புரிந்தது. இரண்டு பேரும் ஊருக்குத் திரும்பப் பஸ் ஏறினோம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சேலம். மாதாமாதம் "தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு நீங்கள் போனது இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் இருக்கும் நாமக்கல்லை விட்டுவிட்டு இவ்வளவு தூரம், தெரிந்த முகம் ஒன்றும் கண்ணில் படக்கூடாது என்று. ஆலோசனை சொல்லும் பெண் நோட்டைத் திறந்து, "யாரோட ரத்தம்?" என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன்.

"என்றதுதானுங்க" என்று உங்கள் சிகிச்சைப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள்.

நீங்கள் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுவதால் ஆபத்து ரொம்ப ரொம்பக் குறைவு, ஆனாலும் ஆழமாகக் குத்தியதால் சாப்பிட்டுவிடட்டும் என்றார் டாக்டர். மாத்திரைக்குக் காசு கேட்கவில்லை. முதல் மாத்திரையை அங்கேயே விழுங்கினேன். தண்ணீர் பாட்டிலை நீங்கள்தான் பிடித்திருந்தீர்கள்.

அப்புறம் வேலைக்குப் போகும் வேனில் தினமும் எனக்கு இடம் போட்டு வைப்பீர்கள். குமட்டல் தாங்காமல் நான் ஜன்னலில் தலை சாய்த்தால் மடியிலிருந்து ஒரு வாழைப்பழம் வரும். "வெறும் வயித்துல கெடக்காத கண்ணு. நானு எட்டு வருசம் முழுங்கறேன், நீ ஒரு மாசம் முழுங்க மாட்டியா?" அந்த நாட்களில் எனக்கு உங்களைத் தவிர யாருமில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எட்டு வருசத்தில் உங்கள் மாத்திரையைப் பற்றி நீங்கள் வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் நான்தான் என்றீர்கள்.

ஒன்பதாம் நாள் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த மாத்திரை என் வீட்டுக்காரர் கையில் கிடைத்தது. அட்டையைக் கடையில் காட்டி என்ன மருந்தென்று கேட்டுவிட்டு வந்தார். வந்ததும் ஒரே கேள்வி: "எவங்கூடப் போன?" என் மேல் அந்தப் பழி விழுந்தால் அன்றோடு என் குடும்பம் முடிந்தது. ஊசி குத்தியதைச் சொன்னேன். யார் ரத்தம் என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். ஆபத்து குறைவு என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன், அது அவர் காதில் ஏறவில்லை. மறுநாளே மேஸ்திரிக்குச் சொல்லிவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் உங்கள் நிறுத்தத்தில் வேன் நிற்கவில்லை. சோற்றுத் தூக்குப்போசியோடு நீங்கள் கையை நீட்டி நின்றீர்கள். "போ, போ" என்றார் மேஸ்திரி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அன்றைக்கு என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. மீதி மாத்திரைகளை ஒரு நாள் தவறாமல் தனியாகவே விழுங்கி முடித்தேன்.

நீங்கள் தம்மம்பட்டியில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததும் உங்களுக்குத்தான் முதலில் போன் செய்தேன். அழுதீர்கள். "என்ற வயித்துல பால வாத்த சாமி." அப்புறம் நீங்களாகவே ஆரம்பித்தீர்கள். "சேலத்துல நோட்டு எழுதுன அந்த ஆஸ்பத்திரிப் புள்ளதான் எங்கியோ வாய உட்டிருக்கும். சின்னப்புள்ள, அதுக்கு என்ன தெரியும். நானு மனசுல ஒண்ணும் வெக்கல, போகுது உடு."

நான் "ஆமாங்க்கா" என்றேன்.

இரண்டு வருசம் கழித்து மாரடைப்பில் போய்விட்டீர்கள். அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் உங்கள் தங்கச்சி எனக்குச் சொன்னார். அந்தச் சீக்கும் உங்களைக் கொல்லவில்லை, எனக்கும் வரவில்லை. அந்த ஆஸ்பத்திரிப் பெண் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. உங்கள் மன்னிப்பு அவளுக்குத் தேவையே இல்லாதது, அது அவளுக்குப் போய்விட்டது. சொன்னது நான்தான், அக்கா.